முள்ளு சாருக்கு இரவல் கொடுத்த மூக்கு

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே மின்சார ரயிலில் போய்வந்த இத்தனை லட்சம் பேரில், கண் பார்த்ததையும் காது கேட்டதையும் நாக்கு ருசித்ததையும் நம்பாமலேயே முப்பத்தெட்டு வயது வரை ஒருவர் உயிரோடு இருந்தார் என்றால், அது எங்கள் முள்ளு சார் ஒருவர்தான். இதற்குப் போட்டியாக யாராவது ஒரு பெயரைக் கொண்டுவந்தால் நான் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் பிற்பாதியில் தாம்பரம் பக்கத்து கல்லூரி ஒன்றில், இயற்பியல் துறையின் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். லென்ஸ், கம்பிச்சுருள், ஸ்டாப் வாட்ச், எடைக்கற்கள் எல்லாம் என் பொறுப்பு. அவர் அதே துறையின் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்கள் சோதனை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். மீட்டருக்கு முன்னால் எவன் நின்றாலும், "முள்ளு என்ன சொல்லுது?" என்று கேட்பார். "கிட்டத்தட்ட ரெண்டு சார்" என்று சொன்ன பையன் தொலைந்தான். "நீ என்ன நினைக்கிறேன்னு கேக்கல, முள்ளு என்ன சொல்லுதுன்னு கேட்டேன்" என்பார். அதனால் அவர் முள்ளு சார்.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தால் அவர் தெர்மாமீட்டர் வைத்திருப்பார். என் ஹாஸ்டல் அறைத்தோழி ரெஜினா எங்கள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். வருடம் முழுக்க சளி பிடித்தவள். ஒருநாள் கேன்டீனில், "டீ ஆறிப்போச்சு" என்றாள்.

"அது உங்க நாக்கோட அபிப்பிராயம் மிஸ்" என்று முள்ளு சார் தெர்மாமீட்டரை அவள் டம்ளரில் விட்டுவிட்டுக் காத்திருந்தார். "ஐம்பத்தி நாலு டிகிரி. இதுதான் செய்தி. மத்ததெல்லாம் வதந்தி."

அவர் செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் டீ நிஜமாகவே ஆறியிருந்தது. ரெஜினா அன்று முதல் கேன்டீனில் மோர் குடிக்க ஆரம்பித்தாள்.

அவருக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்க, மாதா கோயிலில் தாலி கட்டி செலினைப் பம்மலுக்குக் கூட்டிவந்தார். வந்த புதிதில் அவள், "என்னையப் புடிச்சிருக்கா?" என்று கேட்டாளாம். இவர் ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு, "இதுக்கு யூனிட் இல்லையே செலின்" என்று பதில் சொன்னாராம். தான் எவ்வளவு நேர்மையானவன் என்று காட்டுவதற்காக இதை அவரே என்னிடம் வந்து சொன்னார். நானாக இருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பேன். செலின் ஒன்பது மாதம் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், பையன் பிறந்து மூன்று மாதம் கழித்துத் திரும்ப வேண்டிய நேரத்தில் கடிதம் போட்டுவிட்டாள். அந்தக் கடிதத்தை அவர் ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

'உங்க ஊரு நாத்தத்துக்குள்ள பச்சப் புள்ளையத் தூக்கிட்டு வர என்னால ஆவாது. நாத்தம் முடியுத எடத்துல ஒரு வீடு பாருங்க. மறுநாளே வாரேன்' என்று எழுதியிருந்தாள். குற்றம் சொல்ல முடியாத கடிதம். பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே போனால் பம்மல். தோல் பதனிடும் கூடங்கள் அப்போது அங்கே நெருக்கமாக இருந்தன. ரயிலில் தூங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பல்லாவரம் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே தட்டி எழுப்பிவிடும்.

"இதுல என்ன சார் பிரச்சினை? தாம்பரத்துல வீடு பாருங்க" என்றேன்.

"அப்பாவை என்ன பண்றது மேடம்?"

அவருடைய அப்பா முப்பது வருடம் தோல் கூடத்தில் வேலை பார்த்தவர். பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அந்த வீட்டைவிட்டுத் தன்னைத் தூக்கினால் நாலு பேர் தோளில்தான் தூக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். காலையிலும் மாலையிலும் ஓடிப்போய்ப் பார்க்கிற தூரத்தில் வீடு வேண்டும். ஆனால் நாற்றத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அதாவது நாற்றம் எந்த இடத்தில் முடிகிறதோ, சரியாக அந்தக் கோட்டுக்கு ஒரு வீடு தள்ளி.

"கோடு எங்கேன்னு கண்டுபிடிங்க. நடந்து பாருங்க, தெரிஞ்சிடும்" என்றேன்.

முள்ளு சார் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியாது மேடம்."

"எது?"

"அந்த நாத்தம். எல்லாரும் சொல்றாங்க. நானும் கேள்விப்பட்டிருக்கேன்."

அவர் பிறந்தது அங்கே, வளர்ந்தது அங்கே. பகல் முழுக்கத் தாம்பரத்தில் இருந்துவிட்டு மாலையில் திரும்பினாலும் அந்த மூக்கு அசைந்துகொடுக்காது. தன் வீட்டு வாசனையை வெளிநாட்டுச் செய்தி மாதிரி காதால் கேட்டே அறிந்திருந்தார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது தப்பு என்று அடுத்த மாதம்தான் தெரிந்தது.

மாசி மாதம் என்று ஞாபகம். ஸ்டாக் சரிபார்க்கும்போது அரைக் கிலோ எடைக்கற்களில் பன்னிரண்டைக் காணோம். கம்பியில் தொங்கவிட்டு அது எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கிற சோதனைக்கான கற்கள். யாராவது பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்களா என்று பதறி லேப் பக்கம் ஓடினேன். மதியம், யாருமில்லை. முள்ளு சார் மட்டும் மேஜைகளுக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதை இடது கையால் அணைத்துப் பிடித்து, நடக்கும்போது லேசாகக் குலுக்கிக்கொடுத்தார். பைக்குள் இரும்பு இரும்போடு உரசியது.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பையன் எவ்வளவு வெயிட்டுன்னு எழுதிக் கேட்டேன் மேடம். 'தூக்குனா இடுப்பு கழண்டுபோவுது'ன்னு எழுதறா. அதை வெச்சு நான் என்ன பண்றது? மறுபடி எழுதினேன். நர்ஸ் ஆறு கிலோன்னு சொன்னாங்களாம்." பையைத் தொட்டுக் காட்டினார். "ஆறு கிலோன்னா எப்படி இருக்கும்னு பாத்தேன்."

பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய், அடைமழையில், இரண்டே நாள் பார்த்துவிட்டு வந்தவர். அப்போது கைக்குள் அடங்கியிருந்த பிள்ளை. நான் கற்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் என் மூக்கை அவருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் முள்ளு சார் மூக்கை உடனே ஏற்றுக்கொள்கிற ஆளா? முதலில் விஞ்ஞானம். கெமிஸ்ட்ரி துறையிலிருந்து ஏதோ மருந்தில் ஊறவைத்த வெள்ளைக் காகிதத் துண்டுகள் வாங்கிவந்தார். அழுகின முட்டை வாடை அடிக்கிற வாயு பட்டால் அவை கறுத்துப்போகும். அதுதான் தோல் கூடத்து நாற்றத்தில் பெரும்பங்கு என்றார். பல்லாவரம் ஸ்டேஷனிலிருந்து பம்மல் வரை விளக்குக் கம்பங்களில் அறுபது துண்டுகளைக் கட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலைக்குள் பம்மல் முழுக்க சூனியம் என்று பேச்சு. 'வெள்ளையா கட்டிட்டுப் போனது ராத்திரியோட ராத்திரியா கறுத்துப்போச்சு' என்றால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ஒரு மளிகைக்கடைக்காரர் தன் கடை வாசல் கம்பத்துத் துண்டின் மேலேயே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டார். மாதா கோயில் பக்கத்தில் யாரோ தீர்த்தம் தெளித்துவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த துண்டுகளை முள்ளு சார் சேகரித்து, வரைபடத் தாளில் கறுப்பின் அளவைக் குறித்து, வெற்றியோடு எங்கள் துறைத் தலைவரிடம் கொண்டுபோனார்.

எங்கள் புரபசர் வெற்றிலை போட்டுக்கொண்டே பாடம் நடத்துகிறவர். தாளை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தக் காகிதம் கறுத்தா காத்துல அந்த வாயு இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான் நம்ம சப்ஜெக்ட் சொல்லும். அது நாத்தமா இல்லையான்னு காகிதத்துக்கு எப்படிய்யா தெரியும்?"

"அளவு கூடுதலா இருந்தா நாத்தம் சார்."

"யாருக்கு? இங்க நல்லா கறுத்திருக்கே, இது யார் வீடு?"

"என் வீடு சார்."

"உனக்கு நாத்தம் அடிக்குதா?"

முள்ளு சார் தன் தாளையே மறுபடி பார்த்தார்.

"பாத்தியா? வாயு காத்துல இருக்கு. நாத்தம் காத்துல இல்ல. உன் வீட்டுக்காரம்மா மண்டைக்குள்ள இருக்கு. அங்க எந்த முள்ளை நுழைப்பே? நீ பதினைஞ்சு வருஷமா முள்ளு முள்ளுன்றியே, கடைசியில அந்த முள்ளையும் ஒரு கண்ணு பாக்கணும், கண்ணுக்குப் பின்னாடி ஒரு ஆள் உக்காந்திருக்கணும். அந்த ஆளுக்கு உள்ள எப்படி இருக்குன்னு எந்த மீட்டரும் இதுவரைக்கும் சொன்னதில்ல."

"அப்போ ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்குன்னு இன்னொரு மனுஷன் தெரிஞ்சுக்கவே முடியாதா சார்?"

"கேட்டுப் பாரு. அதுக்குத்தான் வாய் வெச்சிருக்கு."

"கேட்டேன் சார். நாத்தம்னு மட்டும்தான் எழுதறா."

புரபசர் ஜன்னல் பக்கம் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்றுதான் முள்ளு சார் சட்டைப் பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து என் ஸ்டோர் அலமாரியில் வைத்தார். "மூக்கையே பாத்துடலாம் மேடம்" என்றார்.

மூக்கு என்றால் சாதாரணமாகவா? அதற்கும் சட்டதிட்டங்கள் போட்டார். பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, பத்து என்றால் ஓடிப்போய்விட வேண்டும். ஓர் இடத்தில் ஒரே இழுப்பு. அங்கிருந்து அடுத்த இடத்துக்குப் போகிறவரை மூக்குக்கு வாடை பழகிவிடக் கூடாது. அதனால் வழியெல்லாம் இரண்டு துவாரத்திலும் பஞ்சு.

மூக்கில் பஞ்சு வைத்தால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று முள்ளு சாருக்கு உறைக்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஊர்வாய்க்குப் பயந்து ரெஜினாவையும் சேர்த்துக்கொண்டு, வெள்ளை வாயில் புடவையில், மூக்கில் பஞ்சோடு நான் பம்மல் தெருவில் நடந்தேன். எதிரே வந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் பிரேக் போட்டார்.

"யம்மாடி! இன்னா சார் இது, பொணம் நடந்து வந்துகினு கீது!"

"பொணம் இல்லப்பா, ஸ்டோர் கீப்பர்" என்றார் முள்ளு சார்.

"பின்ன மூக்குல இன்னாத்துக்கு பஞ்சு?"

"நாத்தம் எங்க முடியுதுன்னு பாக்குறோம்."

ரிக்‌ஷாக்காரர் கழுத்தை நாலு பக்கமும் திருப்பி ஆழமாக இழுத்துப் பார்த்தார். "நாத்தமா? இன்னா நாத்தம்? காத்து ஜில்லுனு வந்துகினு கீது. சும்மா பேஜார் பண்ணாத சார், புள்ளைங்க பயந்துக்கும்."

முள்ளு சாரின் வீட்டு வாசலில்தான் முதல் அளவு. பஞ்சை எடுத்தேன். ஒரே இழுப்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எட்டு" என்றேன்.

அவர் தன் வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எப்படி இருக்கு மேடம்? எட்டுன்னா எப்படி இருக்கு?"

நான் என்ன சொல்வேன்? அழுகின முட்டை என்றேன். ஈரத் தோல், சுண்ணாம்பு என்றேன். "தொண்டையில ஒட்டிக்குது சார்" என்றேன். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, தானும் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. திருவிழாவில் எல்லோரும் பார்ப்பதைப் பார்க்க முடியாமல் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறவர் மாதிரி நின்றார்.

ரெஜினாவின் மூக்கு வேறு ஒரு தலைவலி. நான் ஏழு போட்ட இடத்தில் அவள் இரண்டு போட்டாள். "உனக்குச் சளி" என்றேன். "உனக்குத் திமிர்" என்றாள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவது மூக்கு வேண்டும், அந்த மூக்கு சரிதானா என்று பார்க்க நான்காவது. எங்களைக் கொண்டுவிட வந்த முள்ளு சார் அன்று ரயிலில் தாம்பரம் வரை எங்களுக்கு நடுவே உட்கார்ந்து, இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

போதாததற்குக் காற்று. காலையில் மேற்கிலிருந்து அடிக்கும்போது நாற்றத்தின் எல்லை பல்லாவரம் சந்தையைத் தாண்டிவிடும். மதியம் கடற்காற்று புறப்பட்டால் அதே எல்லை சுருட்டிக்கொண்டு அனகாபுத்தூர் பக்கம் ஓடிவிடும். ஆனாலும் விடாமல் நாற்பது இடம் அளந்து, இரண்டு நேரக் காற்றுக்கும் பொதுவாக ஒரு தெருவைப் பிடித்தோம். அங்கே ஒரு வீடு காலியாக இருந்தது. அடுப்படியில் ஓர் இழுப்பு, கூடத்தில் ஓர் இழுப்பு என்று நான் வேலையைத் தொடங்க, வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்றார்.

"வீடு பாக்க வந்தீங்களா, மோப்பம் புடிக்க வந்தீங்களா? என் வீட்டுல எதாச்சும் செத்துக் கெடக்குதுன்னு போலீஸ் சொல்லி அனுப்பிச்சா?"

அந்த வீட்டுக்கு நான் போட்டது ஒன்று. பூஜ்யம் இல்லை, ஆனால் ஒன்று. முள்ளு சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வாரம் உறுதி செய்துகொண்டு முன்பணம் தரலாம் என்றார்.

அடுத்த வாரம், முதல் சனிக்கிழமை போல மறுபடி அவர் வீட்டு வாசலிலிருந்து தொடங்கினோம். பஞ்சை எடுத்தேன். இழுத்தேன்.

"நாலு" என்றேன்.

"எட்டு போட்ட இடம் மேடம்."

இன்னொரு தடவை இழுத்தேன். சட்டத்தை மீறி மூன்றாவது தடவையும் இழுத்தேன். நாலுதான். தோல் கூடம் மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தோம். வண்டி வண்டியாகத் தோல் இறங்கிக்கொண்டிருந்தது.

"நாத்தம் குறைஞ்சிருக்கா, உங்க மூக்கு பழகிடுச்சா?" என்று கேட்டார்.

"தெரியல சார்."

"எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"தெரியல சார்."

வரைபடத் தாளை மடித்துப் பையில் வைத்தார். ஒன்பது சனிக்கிழமைகளின் உழைப்பு. அளக்கும்போதே அளவுகோல் கரைந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த 'ஒன்று' நிஜமான ஒன்றா, கரைந்துபோன மூன்றா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அந்த வீட்டில் செலினைக் கொண்டுவந்து வைத்து, அவளுக்கு அது ஆறாக இருந்தால்?

"என் பொண்டாட்டி மூக்கு என்கிட்ட இல்ல மேடம்" என்றார். "அதை எத்தனை பேர் மூக்கால சுத்தி வந்தாலும் அங்க போய்ச் சேர முடியல." எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. என் மூக்கின் மேல் எனக்கே கோபமாக இருந்தது.

கோடை விடுமுறை வந்தது. அவருடைய அக்கா குடும்பத்தோடு வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, முள்ளு சார் நாலு நாளில் திரும்புவதாகக் கிளம்பினார். வீடு கிடைக்கவில்லை என்று நேரில் சொல்லி, காலில் விழுவதென்றாலும் விழுவது என்று முடிவு. பையனை ஒரு தடவை தூக்கிவிட்டு வந்தால் போதும் என்றார். நாலு நாள் ஆயிற்று, நாற்பது நாள் ஆயிற்று. ஆள் வரவில்லை. நானும் ரெஜினாவும் அவர் கடலில் விழுந்துவிட்டார் என்றே முடிவு செய்திருந்தோம்.

கல்லூரி திறந்த முதல் நாள், ஸ்டோர் ரூம் கதவைத் திறப்பதற்குள் வந்து நின்றார். கறுத்துப்போயிருந்தார். சிரிப்பு மட்டும் வெள்ளை.

"பஸ்ஸை விட்டு இறங்கினேன் மேடம். இறங்கினதும் ஒரு நாத்தம் பாருங்க! என் வாழ்க்கையில அப்படி ஒண்ணு எனக்கு நடந்ததே இல்ல. குடலைப் புரட்டிக்கிட்டு வருது. கர்ச்சீப்பை வெச்சு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடறேன், ஓட ஓட ஜாஸ்தியாகுது. மாமியார் வீட்டு வாசல்ல வந்தா, மணல் மேல பாய் விரிச்சு, இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் கருவாடு!"

மாமனாருக்குக் கருவாட்டு வியாபாரம். கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் இவர் போனது மழைக்காலம். மழையில் யார் கருவாடு காயப்போடுகிறார்கள்? வியாபாரம் என்று தெரியுமே தவிர, வாசனை இவர் மூக்குக்கு வந்ததில்லை.

வாசலில் ஒரு கையால் மூக்கையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து, செலின் பிள்ளையோடு ஓடிவந்திருக்கிறாள்.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"நாத்தம் தாங்கல செலின்."

"நாத்தமா?" அவள் நிஜமாகவே சுற்றும் முற்றும் பார்த்தாளாம். "என்ன நாத்தம்? எங்கன அடிக்கு?"

"அவ முகத்தைப் பாத்தேன் மேடம்" என்றார் முள்ளு சார். "அது என் முகம். உங்க பக்கத்துல என் வாசல்ல நான் நின்னேன் பாருங்க, அதே முகம்."

பையிலிருந்து வரைபடத் தாளை எடுத்து அங்கேயே மணலில் விரித்து, நாற்பது இடங்களையும் எண்களையும் அவளுக்குக் காட்டியிருக்கிறார். எட்டு இது, ஏழு இது, கடைசியில் கரைந்துபோன ஒன்று இது. செலின் முதலில் சிரித்திருக்கிறாள். பிறகு, "இம்புட்டுத் தெருவும் எனக்காவா நடந்தீய?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குமேல் நடந்ததை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எழுந்தவருக்கு நாற்றத்தைக் காணோம். கருவாட்டை எடுத்துவிட்டார்களா என்று செலினைக் கேட்டிருக்கிறார். முற்றத்தில்தானே காய்கிறது என்றாளாம். அவளே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வந்த ரெண்டாம் மாசமே வயித்துல புள்ள. அப்போ பால் காய்ச்சுனாகூட எனக்குக் குமட்டுச்சு. பழகுததுக்குள்ள ஊருக்கு வந்துட்டேன். உங்களுக்கு மூணு நாள்னா, எனக்கு ஒரு வாரம் ஆவும், அம்புட்டுதான? மாமாவத் தனியா விட்டுட்டு நாம எங்கிட்டுப் போறது? வாரேன்" என்றாளாம். அதன்பிறகும் விடுமுறை முடிகிற வரை பிள்ளையை விட்டு நகர இவருக்கு மனசில்லை.

"பையனைத் தூக்கினீங்களா சார்?" என்றேன்.

"ஏழரை கிலோ மேடம். நான் ஆறுக்குப் பழகி வெச்சிருந்தேன்." சிரித்தார். "வெயிட்டை என்னமோ கல்லு சொல்லிடும். ஆனா கல்லு கழுத்தைக் கட்டிக்காது இல்ல? அதை யார்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது போல."

கிளம்பப் போனவர் கதவருகே நின்று திரும்பினார். சொல்ல வந்த விஷயமே இனிமேல்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நேத்துக் காலையில பல்லாவரத்துல இறங்கினோம். செலின் புடவைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டா. எனக்கு என்னமோ பண்ணுச்சு. நடக்க நடக்க ஏறுது. என் வீட்டு வாசல்ல வந்து நின்னேன் மேடம்..." கதவைப் பிடித்துக்கொண்டார். "ஏழு!"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நாற்பது நாள்ல என் மூக்கு புதுசாயிடுச்சு. என் வீடு இப்படித்தான் இருக்கும்னு பிறந்ததுலேர்ந்து எனக்குத் தெரியாது. எங்கப்பா மேல இந்த வாசனைதான் வந்திருக்கும். அவர் என்னைத் தூக்கிட்டுப் போனப்பல்லாம் இதுதான் அடிச்சிருக்கும். நான் அங்கேயே இருந்ததால எனக்குக் கிடைக்கவே இல்ல. பத்து நிமிஷம், மேடம். வாசல்லயே நின்னேன். செலின் உள்ள கூப்பிடறா, நான் போகல. உள்ள போனா பழகிடும்னு பயம். அப்புறம் அப்பா கூப்பிட்டார். போயிட்டேன். அவ்வளவுதான், போயிடுச்சு."

"நான் எட்டு போட்டேன் சார்" என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"உங்க எட்டும் என் ஏழும் ஒண்ணா வேறயான்னு யாராலயும் சொல்ல முடியாது. புரபசராலயும் முடியாது. போகட்டும் மேடம். ரெண்டு பேரும் ஒரே வாசல்ல நின்னுட்டோம்."

செலினுக்கு ஒரு வாரம் என்று கணக்கு. ஐந்தே நாளில் பழகிவிட்டதாம். அலமாரியிலிருந்த தெர்மாமீட்டர் அங்கேயே இருந்தது. கேன்டீனில் டீ ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால் முள்ளு சார், "அப்படியா? எவ்வளவு ஆறியிருக்கு, சொல்லுங்க" என்று கேட்டு, சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொள்வார். இது முன்னதைவிடத் தொல்லை என்று ரெஜினா மோரையும் விட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாகி குரோம்பேட்டையில் குடித்தனம் வைத்தோம். முள்ளு சார் செலினோடும் பையனோடும் வந்தார். வாசற்படியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். என் கணவர் என்னிடம் மெதுவாக, "வாஸ்து பாக்குறாரா?" என்று கேட்டார். முள்ளு சார் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

"எவ்வளவு சார்?" என்றேன்.

"சொன்னாலும் உங்களுக்குப் புரியாது மேடம். நீங்க உள்ள இருக்கீங்க."

"நல்லதா கெட்டதா, அதையாவது சொல்லுங்க."

"இதே வாசனை வேற எங்கேயாவது வந்தா உங்க ஞாபகம் வரும்" என்றார்.

அவருடைய அப்பா போனபிறகு, செலினின் அம்மாவுக்கு முடியவில்லை என்று வேலையை விட்டுவிட்டு அந்தக் கடலோர ஊருக்கே குடிபோனார்கள். இந்த முறை செலினுக்காக அவர் பழகிக்கொண்டார். சில வருடங்கள் கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுபோயிற்று. பம்மலில் இப்போது அந்த நாற்றம் இல்லை என்கிறார்கள். இல்லாமல் போய்விட்டதா, எனக்குத்தான் பழகிவிட்டதா என்று சொல்ல என்னிடம் இருப்பது ஒரு பழைய மூக்குதான். ரயில் பல்லாவரத்தில் நிற்கும்போது இன்றும் ஜன்னல் பக்கம் திரும்பி ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்கிறேன்.

வருடத்துக்கு ஒரு தடவை வெளியூரில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வீடு திரும்புகிறோம். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியதும் உள்ளிருந்து என் வீட்டு வாசனை வருகிறது. அரை நிமிடம்தான். பெட்டிகளோடு பின்னால் நிற்கும் கணவர், "உள்ள போயேன், கை வலிக்குது" என்பார். "இருங்க" என்பேன். அந்த அரை நிமிடமும் முள்ளு சார் நோட்டைப் பிரித்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறார். எத்தனை மேடம் என்று கேட்கிறார். எண் எனக்குத் தெரியும். சொன்னால் எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று சொல்லாமல் நிற்கிறேன்.